கணக்கில் ஒன்று குறைகிறது

வால்பாறையிலிருந்து இறங்குகிற மாலை வண்டி.
இருபத்திரண்டாம் கொண்டை ஊசியில்
லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கியபோது
தலைக்குமேல் யாரோ பாய் உதறினார்கள்.

இருவாச்சி.
நான் எட்டிப் பார்ப்பதற்குள்
பாதிப் பள்ளத்தாக்கைத் தாண்டிவிட்டது.
அலகின் மஞ்சள்,
அலகின் மேல் கவிழ்த்த இன்னொரு மஞ்சள்,
வெள்ளை வாலில் ஒரே ஒரு கருப்புப் பட்டை.
அப்புறம் கூரைத் தகரத்தில்
டங்.

"சில்லறை உழுந்துருச்சுங்களா கண்டக்டரே?"
தேங்காய் வியாபாரிக்கு வண்டியே சிரித்தது.
அமலோற்பவம் மட்டும் சிரிக்கவில்லை.
கொழுந்து கிள்ளிக் கறை ஏறிய விரலை
ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள்.
"அந்த மரத்துல பொந்து இருக்கு.
பொட்டை உள்ள போயி
தானே பூசி அடைச்சிக்கிருச்சு.
ஒரு பழம் நுழையிற கீறல், அம்புட்டுதான்.
செவப்புக் கண்ணு ஆணு.
இப்பப் போனது அதான்."

ஆழியாறு சோதனைச் சாவடியில்
பின் ஏணியில் ஏறிப் பார்த்தேன்.
டயருக்கும் பலாப்பழ மூட்டைக்கும் நடுவில்
காட்டு ஜாதிக்காய்,
சிவப்புப் பத்திரி இன்னும் ஈரமாய்ச் சுற்றியபடி.
விழுங்கிய பழமில்லை,
கொண்டுபோன பழம்.

அடுத்த நிறுத்தத்தில் செக்கிங் ஏறினார்.
தலையை எண்ணினார், சீட்டை எண்ணினார்,
சரி என்று கையெழுத்துப் போட்டார்.
என் தோல்பையின் அடியில்
எங்கே இறங்க வேண்டுமென்று சொல்லாத
ஒரு பயணி.

பொள்ளாச்சி பணிமனையில்
அன்று கணக்கு ஒரு ரூபாய் பிசகாமல் வந்தது.
எனக்கு அப்படி வருவதில்லை.
தூக்கம் பிடிக்காமல் மேலே உள்ள கணக்கைப் பார்த்தேன்.
தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாய்க் கக்கிக்
கீறலுக்குள் நீட்டுமாம்.
இருபது இருக்கலாம், இருபத்தைந்து இருக்கலாம்.
இருட்டில் இருப்பவள் எண்ணுவாளா?
எண்ணமாட்டாள்.
ஆனால் குறைந்தது குறைந்ததுதான்.

என் மனைவி பிரசவத்துக்கு நெகமம் போயிருக்கிறாள்.
"அதையும் இதையும் சேத்திப் பாருங்க,
நெம்பப் பொருத்தமா வருது" என்றார்
டிரைவர் வேலுமயில்.
வராது.
அவர்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது.
போன வாரம் நான் வாங்கிப்போன மாதுளையை
ஒரு முத்து கடித்துவிட்டு
"புளிக்குதுங்க, நீங்களே தின்னுங்க" என்றாள்.

மறுநாள் ஏறும் வண்டி.
இருபத்தொன்று திரும்பியதும் விசில் அடித்தேன்.
"ஆருங்க எறங்கறது? இங்க ஸ்டாப்பு இல்லீங்களே."
நான்தான் இறங்கினேன்.

திருப்பித் தர வழியில்லை.
அந்த உயரத்துக்கு ஏணி இல்லை,
மனிதக் கை பட்டதை அது தொடுமா,
அதுவும் தெரியாது.
மண் நெகிழ்ந்த இடமாகப் பார்த்து வைத்து
செருப்பு நுனியால் சருகைத் தள்ளி மூடினேன்.
என் முதுகை ஐம்பத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
"ஒண்ணுக்குப் போறாரு" என்று
ஒருவர் மற்றவர்களுக்கு விளக்கினார்.

நிமிர்ந்து மரத்தைத் துழாவினேன்.
பாசி, பொருக்கு, ஒரு பழைய கிளை முறிந்த வடு.
கீறல் தெரியவில்லை.
தெரியக் கூடாதென்றுதானே அவ்வளவு பூச்சு.

எங்கோ கீழே சிறகுச் சத்தம் கேட்டது,
அல்லது வேலுமயில் ஏர் பிரேக்கை விட்டார்.

வால்பாறையில் டீ குடித்துவிட்டுக்
கொடுத்த பத்து ரூபாய்த் தாளில்
ஒரு ஓரம் சிவந்திருந்தது.
கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"ரத்தமா?"
"பழம்."
இன்னொரு தடவை பார்த்தார்.
கல்லாவில் போட்டுக்கொண்டு
மீதிச் சில்லறையை மெதுவாக எண்ணினார்.